கட்டிலோடு வந்த ஓட்டு

பல் வலி என்று சொன்னதுதான் ஓபெட் கில்மன் செய்த முதல் தவறு.

விடுதி நடத்தும் டார்கஸ் அம்மாள்தான் கதவைத் தட்டினாள். "எல்லாரும் சட்டசபைக்குப் போயாச்சு. இன்னைக்குத்தானே கவர்னரைத் தேர்ந்தெடுக்கறீங்க? நீங்க கிளம்பலையா?"

"பல் வலிம்மா. தலையைத் தூக்க முடியல."

ஜனங்கள் போட்ட ஓட்டில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநில வழக்கப்படி முடிவு சட்டசபை உறுப்பினர்கள் கைக்கு வந்துவிட்டது. போட்டியிலிருந்த பிரிக்ஸ், டட்லி இருவருக்குமே உறுப்பினரான ஓபெட் தம் ஓட்டைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பிரிக்ஸ் அவர் மனைவியின் அண்ணன். டட்லியின் நிலத்தைத் தாண்டித்தான் ஓபெட்டின் மர அறுவை ஆலைக்கு ஓடைத் தண்ணீர் வரவேண்டும். ஒருவர் கோபித்தால் வீட்டில் அடுப்பு அணையும். மற்றவர் கோபித்தால் ஆலை நிற்கும்.

சற்று நேரத்தில் பிரிக்ஸ் ஒரு டாக்டரோடு வந்தார்.

"மாப்பிள்ளை, எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. வாயைத் திறங்க."

நல்ல பல் ஒன்று போயிற்று.

"வலி போச்சா?"

"போச்சு. இப்ப காய்ச்சல்."

செய்தி டட்லிக்கு எட்டியது. அவர் தம் டாக்டரையும் ஒரு ஜாடி நிறைய ரத்தம் உறிஞ்சும் அட்டைகளையும் கொண்டுவந்தார். அட்டைகள் வயிறாரச் சாப்பிட்டன.

"இப்ப எப்படி இருக்கு, கில்மன்?"

"கால் நிக்கல. நடக்க முடியாது." இந்த முறை அது உண்மை.

"உங்களை யாரு நடக்கச் சொன்னது?" என்றார் டட்லி.

கட்டிலோடு தூக்கினார்கள். தலைப்பக்கம் பிரிக்ஸின் ஆட்கள், கால்பக்கம் டட்லியின் ஆட்கள். அந்த ஆண்டு இரு கட்சிகளும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான்.

"போர்வை விடுதியோடது. திரும்பி வந்தாகணும்!" என்று டார்கஸ் அம்மாள் பின்னாலிருந்து கத்தினாள்.

சபை வாசலில் கட்டில் இடித்தது. "மெதுவா! நம்ம ஆளு!" என்று இரு பக்கமும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓபெட் கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளே எல்லோரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். வாசல் காவலர் நேதன் ஓட்டுச் சீட்டு வாங்கும் உயரமான தொப்பியை நேராகக் கட்டிலுக்குக் கொண்டுவந்து நீட்டினார்.

அப்போதுதான் ஓபெட்டுக்கு உறைத்தது. சீட்டில் கையெழுத்துக் கிடையாது. இத்தனை பேர் சீட்டுக்கு நடுவே தம்முடையது எது என்று யாருக்குத் தெரியப்போகிறது? இதற்காகவா ஒரு நல்ல பல்லைக் கொடுத்தோம்?

ஒரு பெயரை எழுதி, சிறியதாக மடித்துப் போட்டார். தலைமாட்டில் நின்ற பிரிக்ஸிடம், "மச்சான், உங்களுக்குத்தான்" என்று முணுமுணுத்தார். கால்மாட்டில் நின்ற டட்லியை அருகே அழைத்து அவர் காதிலும் அதையே சொன்னார். இருவர் முகமும் மலர்ந்தது.

பல நாளாக இல்லாத நிம்மதியோடு ஓபெட் தலையணையில் சாய்ந்தார்.

"எண்ணி முடிக்க நேரமாகுமோ?"

"எதுக்குங்க நேரம்?" என்றார் நேதன், தொப்பியைக் கவிழ்த்தபடி. "மத்தவங்க சீட்டையெல்லாம் காலையிலேயே எண்ணியாச்சு, ரெண்டு பேருக்கும் சமம். இதுல இருக்கிறது உங்க சீட்டு ஒண்ணுதான்."