ரேடியோ ஓய்வாணை

குற்றாலத்துக்குப் பக்கத்தில், பெரிய அருவிகளில் இடம் கிடைக்காத தென்காசிக்காரர்களான நாங்கள் குளிக்கும் சின்ன அருவி ஒன்று உண்டு. அதன் மேலே ஓடையில் அருவிநீர் எச்சரிக்கைப் பிரிவினர் பன்னிரண்டு கருவிகளை நட்டார்கள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து ரேடியோவில் அலுவலகத்துக்குச் சொல்லும். தண்ணீர் ஏறினால் அருவிக்கரையில் சைரன் ஊதும்.

இருபது நாளில் பேட்டரி தீர்ந்தது. மாற்றுவதற்கு மலையேறிய பிரிவு ஊழியர் முத்துச்செல்வம், மூன்றாம் முறை இறங்கியதும் பொறியாளர் உமாதேவியிடம் அட்டை கடித்த தன் காலைக் காட்டினார்.

உமாதேவி கணக்குப் போட்டுப் பார்த்தார். அளக்க அதிகம் செலவில்லை; பேசத்தான் பேட்டரி போகிறது. ஆகவே ரேடியோ உறங்கட்டும், நீர் சட்டென்று ஏறினால் மட்டும் விழித்துப் பேசட்டும் என்று மாற்றினார். இனி பேட்டரி ஒரு வருஷம் வரும்.

இதோடு விட்டிருக்கலாம். மேலதிகாரி விஸ்வநாதனுக்குச் சிக்கனம் பிடித்துப்போய்விட்டது. அறிக்கையை விரித்தார்.

"ஏம்மா, ஜூன் மாசம் மட்டும் ஏன் இவ்வளவு பேசுது?"

"சீசன் சார். மழை பெய்யுது, தண்ணி ஏறுது."

"அப்போ தண்ணி ஏறுனாத்தான் செலவுன்னு சொல்லுதீங்க."

"ஆமா சார். அதுக்குத்தான வச்சிருக்கோம்."

"அந்த நேரம் பேசாம இருந்தா?"

"வெள்ளம் வந்தா தெரியாது சார்."

"கோடையில பேசட்டும்மா. அப்போ ஓடை காஞ்சுதான கெடக்கும்."

உமாதேவி எழுத்துமூலம் ஆட்சேபித்தார். 'பார்க்கப்பட்டது' என்ற குறிப்போடு அது கோப்புக்குள் போனது. 'சாரல் காலம் முழுமையும் ரேடியோக்கள் ஓய்வில் இருத்தல் வேண்டும்' என ஆணை பிறந்தது. செலவு தொண்ணூற்றெட்டு சதவீதம் குறைந்தது. சென்னையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

ஆடி முதல் ஞாயிறு, பகல் பதினொரு மணி. அருவியில் இருநூறு பேர். தினக்கூலிக் காவலர் காளீஸ்வரி, தண்ணீர் செம்மண் நிறமாவதைப் பார்த்தார். சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தன. விசிலை ஊதினார்.

"சைரன் அடிக்கல. இவ என்னத்துக்கு ஊதுதா?" என்றார் ஒருவர்.

காளீஸ்வரி இன்னும் பலமாக ஊதினார். வாயிலிருந்து விசிலை எடுத்தால்தானே பதில் சொல்ல முடியும். நகராதவர்களைக் கம்பால் தட்டினார், கையைப் பிடித்து இழுத்தார். கடைசியாக ஒரு பெண்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறினார். அவர் மேல்படியில் கால் வைக்கவும் வெள்ளம் இறங்கியது. நாங்கள் பிடித்து நின்ற இரும்புக் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஒரு உயிரும் போகவில்லை.

விசாரணை நடந்தது. பன்னிரண்டு கருவிகளும் வெள்ளத்தைத் துல்லியமாக அளந்து, தமக்குள்ளேயே வைத்திருந்தன. பேட்டரிகள் நிறைந்திருந்தன. குறை ஏதுமில்லை என்று குழு எழுதியது.

காளீஸ்வரி மீது மட்டும் ஒரு புகார் மனு வந்திருந்தது. சைரன் ஒலிக்காத நிலையில் அதிகாரமின்றி விசில் ஊதியது, குளித்துக்கொண்டிருந்த பொதுமக்களைக் கம்பால் தட்டியது. நாற்பத்து மூன்று பேர் கையெழுத்திட்டிருந்தோம். அவரை வாகன நிறுத்தத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மூன்றாவது கையெழுத்து என்னுடையது. தலையில் தேய்த்த எண்ணெயை அலசக்கூட விடவில்லை அந்த அம்மாள்.