ஈரான்காரருக்கு வந்த ஃபோன்

ஈரானுக்காக இவரளவு கவலைப்பட்டவர் ஈரானிலேயே இருந்திருக்க மாட்டார். இத்தனைக்கும் மலையைவிட்டு மேட்டுப்பாளையம் வரை இறங்கினாலே தலை சுற்றுகிறது என்பவர். ஜெகதளா பக்கம் நான் கிளார்க்காக இருந்த தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் சூப்பர்வைசர். எல்லோருக்கும் 'ஈரான்காரர்'.

எங்கள் தூளில் பெரும்பகுதி அந்த நாட்டுக்குத்தான் போனது. அதை வாங்கும் வியாபாரி ஒருமுறை நேரில் வந்து, இவர் தோளைத் தட்டி, தன் மனைவிக்கு உடம்பு சரியில்லாததையும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இவர் கைக்கடிகாரம் டெஹ்ரான் நேரம் காட்டியது. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "அங்க இன்னும் பதினொண்ணுதானுங்க ஆச்சு" என்பார். மூட்டைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு, "சர்க்கரைக் கட்டியப் பல்லுல கடிச்சுட்டுக் குடிக்கிற சனமுங்க. தூளு நயமா இருக்கோணும்" என்று பேக்கிங் பெண்களை விரட்டுவார்.

பிறகு அமெரிக்கா தடையை இறுக்கியது. பேங்க் வழியாகப் பணம் அனுப்ப முடியாமல் வியாபாரி ஆர்டரை நிறுத்தினார். அவரிடமிருந்து தகவலும் நின்றது. மூட்டைகள் கூரையைத் தொட்டன. பேக்கிங் பெண்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆபீசில் எங்களுக்கும் வேலையில்லை. எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. வாயில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு பேக்கிங் ரூமுக்கு ஃபோன் போட்டேன்.

"ஹலோ, டெஹ்ரான் ஸ்பீக்கிங்."

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஆர்டர் கேட்டுக் கெஞ்சப்போகிறார் என்று காத்திருந்தோம். அவரோ பதற்றத்தில் இங்கிலீஷும் தமிழுமாகக் கொட்டினார்.

"சாருங்களா! ஒய்ஃப் எப்படி சார்? மெடிசின் கிடைக்குதா சார்? தடையில மருந்துகூட வரதில்லைன்னு நியூஸ்ல சொன்னாங்க சார்... டீ கிடக்கட்டும் சார், லேட்டர், லேட்டர்!"

ஃபோனை வைத்துவிட்டேன்.

அவர் ஆபீசுக்கே ஓடி வந்தார். "அவரு பேசினாருங்க! லைன் கட்டாயிருச்சு. ஆனா உசுரோட இருக்காருங்க!" கண் கலங்கியிருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் காலை, வேலையிழந்த பெண்கள் டிபன் டப்பாவோடு கேட்டில் நின்றார்கள். ஆர்டர் வந்துவிட்டதென்று ஊருக்குள் பேச்சாம். மேனேஜர் விசாரித்து, டெஹ்ரானிலிருந்து ஃபோனே வரவில்லை என்று தெரிந்ததும், எல்லோர் முன்னாலும் ஈரான்காரரைப் பொய்யர் என்றார். பெண்கள் அவரைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள். நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் பொறுத்துத்தான் அவர் வீட்டுக்குப் போக எனக்குத் துணிச்சல் வந்தது. "பேசுனது நானுங்க. நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிடறேனுங்க" என்றேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப அந்தம்மாவுக்கு மருந்து கிடைக்குதான்னு நமக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க."

மறுநாள் எல்லோரிடமும் சொன்னேன். அவமானம் அதோடு தீரவில்லை. இப்போதும் செய்தியில் அந்த நாட்டின் பெயர் வந்தால், முகம் தெரியாத அந்த அம்மாவை நினைத்துக் கொஞ்சம் கவலைப்படுகிறேன். ஈரான்காரரிடமிருந்து எனக்குத் தொற்றிக்கொண்ட ஒரே நல்ல பழக்கம் அதுதான்.