ஏழாம் கல்லறையின் ஓநாய்

திரையில் கறுப்புக் குதிரை வண்டி மலையேறத் தொடங்கியதும் வெர்லின் ஸ்டக்கி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். இதே வண்டி. இதே மலை. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால்தான் இதில் போன பெண்ணைக் கோட்டை வாசலில் ஒரு சீமாட்டி கழுத்தைக் கடித்துக் கொன்றாள்.

படப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தான். 'ஏழாம் கல்லறையின் ஓநாய்' என்றுதான் இருந்தது. இன்றிரவுக்கு இரண்டு படம்; முதலில் ஓடி முடிந்தது 'பிணவறை மணப்பெண்'. பெட்டி வேறு, பெயர் வேறு. உள்ளே இருந்தது, பேச்சு ஒரு வார்த்தையும் புரியாத ஒரே இத்தாலியப் படம்.

வெர்லினுக்குப் பேய்ப் படம் ஆகாது. தீவனக் கடை வேலையை விட்டுவிட்டு, அமெரிக்காவின் கென்டக்கிச் சுரங்க ஊர் ஒன்றில், காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் இந்த டிரைவ்-இன் தியேட்டரை எடுத்து நடத்த வந்த பிறகும், சனிக்கிழமைகளில் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில்தான் நிற்பான். படம் ஓட்டும் ஆபரேட்டர் எல்டன் வாரத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவன் இன்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டான். வேறு வழியில்லாமல் வெர்லினே ஆபரேட்டர் அறையின் சின்ன ஜன்னல் வழியாகத் திரையைப் பார்க்கும்படி ஆயிற்று.

கைக்குக் கிடைத்த தொப்பியால் புரொஜெக்டரின் லென்ஸை மூடினான். திரை இருண்டது. வெளியே ஒரு ஹாரன் அலறியது. பிறகு இருபது.

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை, கூட்டம் நிரம்பியிருந்தது. நின்றிருந்த இருநூறு கார்களில் பாதிக்கு மேல் சுரங்கத் தொழிலாளிகள். போன மாதம் பக்கத்து மாவட்டத் தியேட்டரில் படம் அறுந்தபோது, டிக்கெட் கூண்டை அப்படியே தூக்கி ஓடையில் போட்டார்கள். மேனேஜர் அப்போது உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்.

உள்தொலைபேசி கிணுகிணுத்தது. சோளப்பொரிக் கடையில் இருந்த மனைவி ஓப்பல்தான்.

"என்ன வெர்லின், இருட்டாக்கிட்ட?"

"ரெண்டும் ஒரே படம், ஓப்பல்."

"அப்ப நிறுத்திடு."

"நிறுத்தினா என்னைத் தூக்கி ஓடையில போட்டுருவாங்க."

"நிறுத்தலேன்னா?"

"அப்பவும் போடுவாங்க. கொஞ்சம் நிதானமாப் போடுவாங்க."

படம் வேறு மாதிரி தெரிந்தால் போதும் என்று, கடைசி ரீலை எடுத்து முதலில் ஓட்டினான். ஊரே கூடிச் சீமாட்டியை எரித்துச் சாம்பலாக்கியது. அடுத்து, கையில் அகப்பட்ட ரீலை மாட்டினான். சாம்பலான சீமாட்டி கல்யாண விருந்தில் உட்கார்ந்து சிரித்தாள். இப்போது ஒரு கார் பாக்கியில்லாமல் ஹாரன் அடித்தது.

"செத்தவ எப்படி வெர்லின் சாப்பிடுறா?" என்றாள் ஓப்பல்.

"அவ தங்கச்சின்னு நெனச்சுக்கட்டும்."

"நீ சொல்லாம அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதுவும் சரிதான் என்று பட்டது. படத்தின் ஒலியைக் குறைத்துவிட்டு மைக்கைப் பிடித்தான். கார் ஜன்னல்களில் தொங்கிய இருநூறு ஸ்பீக்கர்களிலும் அவன் குரல் ஒலித்தது.

"அன்பான ஜனங்களே, இது செத்துப்போனவளோட தங்கச்சி. பழிவாங்க வந்திருக்கா."

எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "அதெல்லாம் இருக்கட்டும், ஓநாய் எங்கய்யா?"

வெர்லின் திரையைப் பார்த்தான். இந்தப் படத்தில் ஒரு நாய்கூடக் கிடையாது. வாசல் பலகையிலோ, ஏணி போட்டு ஏறி, ஆளுயர எழுத்தில் ஓநாய் என்று மாட்டியவன் அவனே.

கண்ணை மூடிக்கொண்டு மைக்கில் ஊளையிட்டான்.

உயிர்ப்பயத்தில் வந்த ஊளை. அது அவன் நினைத்ததைவிட நன்றாகவே வந்து, மலையில் மோதித் திரும்பியது. ஹாரன்கள் சட்டென்று ஓய்ந்தன. படம் முடிகிற வரைக்கும், நிறுத்தினால் ஓடைதான் என்கிற நினைப்பில், அவன் கதை சொல்லிக்கொண்டும் ஊளையிட்டுக்கொண்டும் இருந்தான். முடிந்தும் ஒரு கார்கூடக் கிளம்பவில்லை.

பிறகு சரளைக்கல்லில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு ஆள் இல்லை, பத்துப் பேர்.

கதவு தட்டப்பட்டது. வெர்லின் படப்பெட்டி மூடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திறந்தான். நிலைப்படி கொள்ளாமல் நின்றான் நிலக்கரி லாரி ஓட்டும் ஹோபார்ட் ஸ்காக்ஸ். கையில், ஒயரோடு பிய்ந்து வந்த ஸ்பீக்கர்.

"நீங்கதானா சார் ஊளையிட்டது?"

"நா... நான்தான். மன்னிச்சிருங்க. சத்தியமா எனக்குத் தெரியாது—"

ஹோபார்ட் தொப்பியைக் கழற்றினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மே மாசத்துலேந்து வாராவாரம் இதே படத்தைத்தான் பேரை மாத்தி மாத்திப் போடுறீங்க, உங்களுக்கு உசுரான படம்போல, மனசு நோகக் கூடாதுன்னு ஊரே வாயைத் திறக்காம பாத்துட்டிருந்தோம், இன்னைக்குத்தான் சார் எங்களுக்குக் கதையே புரிஞ்சுது."