ஜமைக்கா பாடிய காதுகுத்து

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஜமைக்காவைப் போல் மெதுவான ஆள் பிறந்ததில்லை. இனிமேல் ஒருவன் பிறக்க ஒத்துக்கொண்டாலும், வந்து சேர நேரமாகும்.

எங்கள் பக்கம் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தான். பூந்தமல்லிக்காரன். அவன் அம்மா அங்கே பர்தா தைத்து விற்கிறார். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. யாரும் கூப்பிட்டதில்லை. ரெகே என்று ஒரு பாட்டு இருக்கிறதாம். ஜமைக்கா என்ற ஊரில் பிறந்ததாம். பாடினால் அதைத்தான் பாடுவேன் என்று நின்றான். பெயர் வந்துவிட்டது.

நான் மைக் செட் போடுகிறவன். படிப்பு எட்டாவது. எனக்குத் தெரிந்த சங்கீதம் இரண்டே வகை. சத்தம் வருவது, சத்தம் வராதது.

பாட்டு அவனைப் பிடித்தது ஆவடியில் ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில். உள்ளே ஏதோ ரெகே ஓடிக்கொண்டிருந்தது. கேனைத் தோளிலிருந்து இறக்காமல் பாட்டு முடியும் வரை நின்றுவிட்டான். வீட்டுக்கார அம்மா இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று பயந்து தைலம் எடுத்துவந்தார். தைலத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அந்தப் பாட்டு இன்னொரு வாட்டி ஓடுமாம்மா?" என்று கேட்டான்.

பிறகு முடி வளர்த்தான். சடை சடையாகத் திரித்தான். திருமுல்லைவாயிலில் லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் ஒரு வயதான அம்மா கதவைத் திறந்தார். சடையைப் பார்த்தார். காலில் விழுந்தார்.

"யம்மா, ஏந்திரிமா! நான் பாய் ஊட்டுப் புள்ள. கேன் போட வந்துகீறேன்."

"யார் ஊட்டுப் புள்ளையா இருந்தா இன்னா சாமி? என் பையனுக்கு எப்ப கல்யாணம் ஆவும்? ஒரு வார்த்த சொல்லு."

"எனக்கே ஆவலமா."

அதையும் அருள்வாக்காக எடுத்துக்கொண்டார். சீக்கிரமே பையனுக்குப் பெண் அமைந்தது. அதிலிருந்து அந்த வீட்டுக் கேனை அந்தப் பையனே கீழே வந்து தூக்கிக்கொண்டு போனான். சாமியைச் சுமக்கவிடக் கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் குடோனில் பழகுவான். கூட இரண்டு பேர். ஒருவன் கிடார். இன்னொருவன் பேட், அதாவது குச்சியால் தட்டினால் டிரம்ஸ் சத்தம் வரும் பெட்டி. முதல் நாள் நான் காது கொடுத்துக் கேட்டேன். நாலு அடி தாளத்தில் முதல் அடி வரவில்லை. ஒயரைச் சொருகும் ஜாக் லூஸ் என்று போய் அழுத்தினேன். வரவில்லை. ஒயரை மாற்றினேன். வரவில்லை. பாக்ஸைக் கழற்றி ஸ்பீக்கரை வெளியே எடுத்த பிறகு ஜமைக்கா கேட்டான்.

"இன்னா அண்ணாத்தே தேடிக்கினு கீற?"

"மொத அடி வர்ல நைனா."

"அது வராது. ரெகேல மொத அடிய வுட்டுரணும்."

"ஏன்?"

"கேக்கறவன் வந்து நிக்க எடம் வேணும்ல?"

"நின்னா வாடக குடுப்பானா?"

சிரித்தான். பாக்ஸைத் திரும்ப மாட்ட எனக்குச் சாயங்காலம் ஆனது. ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. விஷயம் தெரிந்த பிறகும் என் கை கேட்கவில்லை. அவன் பாட ஆரம்பித்தால் போதும், ஜாக்கை அழுத்தப் போய்விடும்.

"ரெகே மட்டும் இல்ல அண்ணாத்தே. சோல்னு இன்னொரு வக பாட்டு கீது, அதுவும் பாடுவேன்."

"அது இன்னா?"

"உள்ளருந்து வர்றது."

"இருமல்கூட உள்ளருந்துதான் வர்து."

பாட்டையெல்லாம் அவனே கட்டினான். கேன் தூக்கி மாடி ஏறுவதைப் பற்றி ஒன்று. 'லிஃப்டு இல்லாத ஊட்டாண்ட, தாகம் மட்டும் மேல ஏறுது' என்று வரும். அம்பத்தூரில் ஒரு குடியிருப்பு விழாவில் பாடினான். சினிமாப் பாட்டு கேட்டார்கள். மாட்டேன் என்றான். மரியாதையாக மைக்கை வாங்கிக்கொண்டு சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்.

அந்தப் பாட்டை யாரோ போனில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அது எங்கெங்கோ போனது. நகரத்தில் பெரிய மேடைகளுக்குப் பாடகர்களைத் தேடிக் கொடுக்கும் ஒரு மேடம் கூப்பிட்டார். ஜனங்கள் முன்னால் நீ பாடுவதை நேரில் பார்க்க வேண்டும், பிடித்தால் மேடை தருகிறேன் என்றார்.

அதே நேரத்தில் குவைத்தில் இருக்கும் அவன் மாமா விசா அனுப்பிவிட்டார். அவன் அம்மா என் குடோனுக்கே வந்து கறாராகச் சொன்னார்.

"அந்த மேடம் வந்து கேக்கட்டும். புடிச்சா பாடு. புடிக்கலன்னா ப்ளேன் ஏறு. நடுவுல நின்னுகினு இருக்காத."

"சரிம்மா" என்றான். அவன் உடனே பதில் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஜனத்துக்கு எங்கே போவது? என் தங்கை மகளுக்குப் பாரிவாக்கத்தில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து வைத்திருந்தார்கள். "நம்ம ஊட்டு ஃபங்ஷன். நீ பாடு. மைக் செட் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. நான்தான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

"அண்ணே, நீ மாமனா, மைக் செட்டா? ஒண்ணு சொல்லு" என்றாள் தங்கை.

"ரெண்டும்தான்."

'தாய்மாமன் சீர் வந்துகொண்டிருக்கிறது' என்று மைக்கில் நானே அறிவித்தேன். வாசலுக்கு ஓடி, தட்டைத் தூக்கிக்கொண்டு நானே வந்தேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரை மணைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். பட்டு வேட்டி. கழுத்தில் ஆள் உயர மாலை. மடியில் மொட்டை போட்ட பாப்பா. எதிரே ஆசாரி. கை எட்டும் தூரத்தில் அறிவிப்பு மைக்.

ஜமைக்கா மாடிப் பாட்டை எடுத்தான். ஜனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. எங்கள் பெரிய மாமா சத்தமாகவே சொன்னார்.

"இன்னாடா இது, கரண்டு கம்மியா வர்ற மாரி கீது?"

நாலு பேர் சிரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மேடம் கைப்பையைத் தோளில் மாட்டினார். ஜமைக்கா அதைப் பார்த்துவிட்டான். குரல் இறங்கியது. பெண்கள் பக்கம் அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மேடம் எழுந்தால் இவன் குவைத்துக்குப் போய்விடுவான்.

அந்த நேரம் பார்த்து முதல் அடி வரவில்லை.

கை தானாகப் போய்விட்டது. பாப்பாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஜாக்கை அழுத்த மிக்ஸர் மேல் சாய்ந்தேன். மாலை, எதிரொலி வைக்கும் எக்கோ திருகில் மாட்டி அதை முழுசாகத் திருகிவிட்டது. கோயில் திருவிழாவுக்குக்கூட நான் அவ்வளவு வைத்ததில்லை. என் முழங்கை பட்டு அறிவிப்பு மைக்கும் ஆன் ஆனது. ஆசாரி குத்தினார்.

"மாமா!" என்று பாப்பா அலறியது.

"மாமா... மாமா... மா... மா..." என்றன எட்டுப் பாக்ஸும்.

அந்த அலறல் சரியாக, முதல் அடி இருக்க வேண்டிய இடத்தில் போய் விழுந்தது. ஜமைக்கா திரும்பிப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். "மூணாவது மாடி... வந்துகினே கீறேன் கண்ணு" என்று பாப்பாவுக்குப் பதில் சொல்லிப் பாடினான். இப்படி ஒரு குரல் அவனிடம் இருப்பது எனக்குத் தெரியாது. உள்ளேயிருந்து வந்தது.

ஆசாரி அடுத்த காதுக்கு வந்தார். பாப்பா மறுபடியும் "மாமா!" என்றது. இந்த முறை கூடவே பத்துப் பேர் கத்தினார்கள். அதற்கப்புறம் பாப்பா வாயில் லட்டோடு சும்மா இருந்தது. மண்டபம் கத்தியது. எல்லாருக்கும் மேலே கேட்டது பெரிய மாமா குரல். சமையல்காரர் கரண்டியோடு வந்து, "சோறு ஆறிப்போவுது, வர்றீங்களா இல்லியா?" என்று கேட்கும் வரை பாட்டு நிற்கவில்லை.

மேடம் எழுந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"எக்கோ போட்டது நீங்களா? இந்தப் பாட்டுக்கு அதுதாங்க உயிரு. எங்க கத்துக்கிட்டீங்க?"

"எல்லாம் அனுபவம்மா" என்றேன். மாலை இன்னும் திருகில்தான் மாட்டியிருந்தது. நிமிர முடியவில்லை. அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டு, ஜமைக்காவுக்கு மேடை உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் அம்மா மெதுவாக என்னிடம் வந்தார்.

"புடிச்சிருக்குன்னு சொன்னாங்களாப்பா?"

"சொன்னாங்கம்மா."

"பெட்டியெல்லாம் வாங்கிட்டனே" என்றவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "சரி, அதுல துணிய வெச்சிகினு பாட்டுக்குப் போவட்டும்."

போனான். இப்போது பெங்களூர், கொச்சி என்று பாடுகிறான். போஸ்டரில் சடை மட்டுமே பாதி இடம். ஒருமுறை என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். மிக்ஸர் கட்டில் அகலம் இருந்தது. எக்கோ எது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் கச்சேரி முடிந்து நாற்காலி அடுக்கிவிட்டார்கள்.

அவன் பாட்டு எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. ஊருக்கு வந்தால் அம்மாவைப் பார்த்துவிட்டு என் குடோனுக்கு வருவான். பெரிய பாக்ஸைப் படுக்கப் போட்டு அதன் மேல் தூங்குவான். அன்றைக்கு யாராவது விசேஷத்துக்கு அந்தப் பாக்ஸ் வேண்டும் என்று வந்தால், ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.