பல் டாக்டரின் இறுதிப் போட்டி

"டாக்டர், பையனுக்குப் பல்லு தானாவே விழுந்திருச்சு. இன்னிக்கு வரலை" என்று அம்மாக்காரி போனை வைத்ததும், பல் டாக்டருக்கு உலகமே இருண்டுவிட்டது.

குழந்தைகள் அழாமல் இருக்கட்டும் என்று, சிகிச்சை நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் டிவி மாட்டியிருந்தார். மாலை ஐந்துக்கு எப்போதும் ஒரு குழந்தையைத்தான் வரச் சொல்வார். பள்ளிக்கூடக் கால்பந்து அணியைப் பற்றிய அந்தக் குழந்தைகள் தொடர் அப்போதுதான் ஓடும். வீட்டில் பார்க்க முடியாது; ஒருமுறை பார்த்துக் கண் கலங்கியதற்கே மகள் சொல்லிச் சொல்லிச் சிரித்துவிட்டாள். இன்று இறுதிப் போட்டி. காலில் கட்டுப் போட்டிருக்கும் கோல்கீப்பர் குட்டி ஆடுவாளா, மாட்டாளா என்ற கவலையில் மனிதருக்கு மத்தியானச் சாப்பாடே இறங்கவில்லை.

குழந்தை இல்லாவிட்டால் என்ன? தாமே நாற்காலியில் ஏறி மல்லாந்தார். தொடரின் பாட்டு ஆரம்பித்தது. நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"என்ன டாக்டர், உடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா... நாற்காலி ஆடுதோன்னு பார்த்தேன்."

"ஐயோ, மெக்கானிக்கைக் கூப்பிடறேன்."

"வேணாம், வேணாம்! கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப சரி. ரிட்டயர்டு ஜட்ஜ் ஐயா பல்வலின்னு வந்திருக்கார். உள்ள அனுப்பறேன்."

மாட்டிக்கொண்டார். உர்ரென்ற முகத்தோடு வந்து படுத்த ஜட்ஜ் கூரையைப் பார்த்தார்.

"என்ன இது, சின்னப் பசங்க சமாச்சாரம்?"

"பசங்களுக்காகப் போட்டது சார். ரிமோட் வேலை செய்யலை" என்றார் டாக்டர், ரிமோட்டைக் கோட்டுப் பைக்குள் அமுக்கியபடி. இவர் பேசிக்கொண்டே இருந்தால் வசனம் காதில் விழாதே! "ஆ காட்டுங்க" என்று சின்னக் கண்ணாடியை அவர் வாய்க்குள் விட்டுவிட்டு, பார்வையை மேலே வைத்துக்கொண்டார்.

குட்டி நொண்டிக்கொண்டே மைதானத்தில் இறங்கினாள்.

"இங்க வலிக்குதா?"

"ம்ம்."

"இங்க?"

"ம்ம்."

தொட்ட இடமெல்லாம் வலித்தது. நல்லதாகப் போயிற்று, சோதனையை இழுத்தடிக்கலாம். எதிரணி கோல் போட்ட நேரம் பார்த்து ஜட்ஜ் "ஆ!" என்று அலறினார். கை பட்டுவிட்டதோ என்று டாக்டர் பதறிக் குனிய, தள்ளு தள்ளு என்று ஜட்ஜ் கையை வீசினார். பாவம், அவ்வளவு வலி.

கடைசிப் பெனால்டியைக் குட்டி பாய்ந்து பிடித்தாள். டாக்டருக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. குனிந்து பார்த்தால் ஜட்ஜ் கன்னத்திலும் கண்ணீர்! டாக்டருக்குத் திக்கென்றது.

"ஒண்ணும் பயமில்ல சார், நாளைக்கு வாங்க" என்று உளறினார். ஜட்ஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியேறினார்.

டாக்டரின் மனசு கேட்கவில்லை. மானம் போனால் போகிறது என்று நர்ஸைக் கூப்பிட்டார்.

"அநியாயம் பண்ணிட்டேம்மா. அந்த நாடகத்தைப் பாத்துக்கிட்டு, அவருக்கு எந்தப் பல்லுல வலின்னுகூடப் பாக்கலை. ஓடிப் போய்க் கூட்டிட்டு வா!"

நர்ஸ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"அவருக்கு ஏது டாக்டர் பல்லு? மேலயும் கீழயும் பல்செட்டு! அடுத்த சீசன் என்னிக்கு ஆரம்பிக்குதோ, அன்னிக்கு அஞ்சு மணிக்கு மறுபடி வலிக்கும்னு சொல்லிட்டுப் போயிருக்கார்."