பதினொரு மணிக்கு விடிந்தது

"பகல் பதினொரு மணிக்கு பைரவ் பாடச் சொல்றீங்களா? அதுக்குப் பதிலா கொஞ்சம் விஷத்தைக் கொடுங்க, குடிச்சிடறேன்" என்றார் பண்டிட் வீரபத்ரையா ஹிரேமட்.

பசலிங்கப்பா ஹொசமனி கையைப் பிசைந்தார். தார்வாட்டில் தொடங்கப்போகும் இசை, நுண்கலைப் பல்கலைக்கழகத்துக்கு அவர்தான் தனி அலுவலர். அனுமதி தரவேண்டிய குழு பெங்களூரிலிருந்து வந்து, விருந்தினர் விடுதியில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தது. பாடத்திட்டத்தின் முதல் பாடத்தை நடத்திக் காட்டினால்தான் கையெழுத்து. இல்லையென்றால் பல்கலைக்கழகமே இல்லை. முதல் பாடமாக பைரவைப் போட்ட புண்ணியவான் யார் என்று கேட்காதீர்கள். சாட்சாத் ஹொசமனியேதான்.

"குருஜி, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"அது விடியற்கால ராகம். சூரியனை இழுத்துப் பிடிக்க உங்க கவர்மென்ட்டுக்கு அதிகாரம் இருக்கா?"

சூரியன்மேல் இல்லை. ஆனால் ஜன்னல்கள்மேல் இருந்தது. பந்தல்காரரிடம் கறுப்புத் துணி வாங்கி, மண்டபத்து ஜன்னல்களை எல்லாம் மூடினார் ஹொசமனி. காற்றில் துணி விலகி வெயில் எட்டிப் பார்த்தது. மின்விசிறிகளை நிறுத்தினார். மண்டபம் இட்லிக் கொப்பரை மாதிரி ஆனது.

"விடியல்னா சேவல் கூவ வேணாமா சார்?" என்று கடைநிலை ஊழியர் யல்லப்பா ஆசையாக ஒரு சேவலைக் கொண்டுவந்தார்.

இருட்டைக் கண்டதும் சேவல் தூங்கிவிட்டது.

"எழுப்புய்யா அதை."

"ராத்திரின்னு நினைச்சுடுச்சு சார். நாம பண்ணின வேலைதானே?"

அதற்குள் குழு வந்துவிட்டது. தலைவர் டாக்டர் நாடிகேர் இருட்டில் தடவிக்கொண்டே நடந்து சேவலின் வாலை மிதித்தார். அது ஊரையே கூட்டியது.

ஹொசமனிக்கு உயிர் போய்விட்டது.

"அடடா, சேவல் கூட ஏற்பாடு பண்ணியிருக்கீங்களே" என்றார் நாடிகேர்.

போன உயிர் திரும்பியது.

பண்டிட்ஜி வந்தார். கறுப்புத் துணியைப் பார்த்தார். ஹொசமனியின் கும்பிட்ட கைகளைப் பார்த்தார். மேடையில் உட்கார்ந்தார். மகள் கிரிஜா தம்பூராவை மீட்ட, பாட்டு எழுந்தது. ஹொசமனிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"பைரவ்னா இதுதான்யா பைரவ். பனி விழறது அப்படியே தெரியுது" என்றார் நாடிகேர், வழிந்த வியர்வையைத் துடைத்தபடி.

குழுவின் வாய்ப்பாட்டுப் பேராசிரியை பிரமிளா காமத் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டார். "எனக்குக் குளிரே எடுக்குது."

அங்கேயே கையெழுத்தாகிவிட்டது. அனுமதி.

ஹொசமனி ஓடிப்போய் பண்டிட்ஜியின் காலில் விழுந்தார். "குருஜி, இந்தப் பல்கலைக்கழகத்துக்காக உங்க நியமத்தையே உடைச்சிட்டீங்களே. இதை எந்த ஜென்மத்துல தீர்ப்பேன்?"

பண்டிட்ஜி அவர் தலையைத் தட்டிக்கொடுத்தார். மகள் காதில் ஏதோ சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

தம்பூராவுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த கிரிஜா நிமிர்ந்தாள்.

"அப்பா எதையும் உடைக்கலை சார். அவர் பாடினது சாரங், மத்தியான ராகம். 'இந்த ஊருக்கு சங்கீத யூனிவர்சிட்டி அவசரமா வேணும்மா, முதல் அட்மிஷனை இந்தக் கமிட்டிக்கே போடச் சொல்லு'ன்னு என் காதுல சொன்னார்."