குட்டி சொன்னால் சரி

"இனிமே இந்த வீட்டுல நிறத்தைப் பத்தி யாரும் வாய் திறக்கக் கூடாது. குட்டி என்ன சொல்லுதோ அதுதான் நிறம்!"

சாப்பாட்டு மேசையில் அப்பா இப்படி அறிவித்தார். கையிலிருந்த கரண்டியைச் செங்கோல் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சரிங்க" என்றாள்.

அப்பா அந்த நிமிஷமே எழுந்து ஓடியிருக்க வேண்டும். அம்மா எதிர்த்துப் பேசினால் ஒன்றும் ஆகாது. "சரிங்க" என்றால்தான் ஆபத்து. எனக்கே தெரியும். கல்யாணம் பண்ணிக்கொண்டவருக்குத் தெரியவில்லை.

குட்டி என்பது ஒரு கருவி. சோப்புப் பெட்டி அளவு இருக்கும். கம்ப்யூட்டர் ஸ்கிரீன் மேல் தொங்கவிட்டால், ஸ்கிரீன் காட்டும் நிறத்தை அளந்து எண்ணாகச் சொல்லும். போட்டோ ஸ்டுடியோ, அச்சகம் என்று அலைந்து அங்கேயுள்ள ஸ்கிரீன்கள் சிவப்பைச் சிவப்பாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துச் சரிசெய்வதுதான் அப்பாவின் வேலை. அப்பா என்னைத் தூக்கி வளர்த்ததைவிடக் குட்டியைத் தூக்கி வளர்த்தது அதிகம். இதில் எனக்கு வருத்தமில்லை, குட்டி கேள்வி கேட்காது.

ஒரு தடவை குட்டியைத் தக்காளி மேல் வைத்துப் பார்த்தேன். கருப்பு என்றது. அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அட மக்கே! அதுக்குள்ள விளக்கு கிடையாது. தானா வெளிச்சம் விடுற பொருள்தான் அதோட கண்ணுக்குத் தெரியும். மத்தது எல்லாமே அதுக்கு இருட்டுதான்."

டிவி ஓடும்போது அப்பாவும் அப்படித்தான். இதை நான் சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா மட்டும் சிரித்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சண்டை நிறத்துக்காக இல்லை, ஹாலுக்காக.

அம்மா பெண்களுக்கு முடி வெட்டி, சாயம் போட்டுவிடுகிறாள். படிப்பு போதும் என்று நான் பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அம்மாவோடு சேர்ந்துகொண்டேன். எங்கள் தொழில் நடக்கும் இடம் சமையலறையில் அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில். தண்ணி பாட்டில் எடுக்க வேண்டுமென்றால் வாடிக்கையாளர் எழுந்து நிற்க வேண்டும். போன வாரம் பல் டாக்டரம்மாவுக்குச் சாயம் போட்டோம். எங்கள் ட்யூப்லைட்டில் நல்ல காப்பிக்கொட்டை நிறம். தெருவில் இறங்கியதும் கேரட் நிறம். அந்தம்மா திரும்பி வந்து, "வெளிச்சம் இருக்கிற இடத்துல போடறதா இருந்தா வரேன், இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனால் அவருடைய தங்கைகளும் போவார்கள். தங்கைகள்தான் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதி.

வீட்டில் நல்ல ஜன்னல் இருப்பது ஹாலில் மட்டும். அம்மா அதைக் கேட்டாள். உடனே அப்பாவுக்கும் ஹால் தேவைப்பட்டது.

"குட்டிக்கு வயசாயிடுச்சும்மா. உள்ள இருக்கிற கலர் கண்ணாடி வெளுத்துப்போச்சு. ரீடிங் பிசகுது. அதைத் திருத்தணும்னா தனி ரூம் வேணும்."

"ஹால்தான் வேணுமா?"

"விஞ்ஞானம் கேக்குது. நான் கேக்கல."

ஹாலில்தான் பெரிய டிவி இருக்கிறது. கால்பந்துப் போட்டிகள் தொடங்கப்போகின்றன. விஞ்ஞானம் ஏன் கேட்டது என்று எனக்குப் புரிந்தது.

"நீ என் பேச்சையும் நம்ப வேணாம், உன் கண்ணையும் நம்ப வேணாம். உன் கண்ணை நம்பித்தான் பல் டாக்டரம்மா கேரட் ஆனாங்க" என்றார் அப்பா. "குட்டியே முடிவு பண்ணட்டும். எல்லா ரூம்லயும் வச்சுப் பார்ப்போம். எந்த ரூம்ல ரொம்பத் துல்லியமா வருதோ அது எனக்கு. ஹால் ஜெயிக்கலைன்னா ஹால் உனக்கு."

அதற்குத்தான் அம்மா அந்த "சரிங்க"வைச் சொன்னாள்.

அப்பா ஆபீஸிலிருந்து பெரியவரை அழைத்துவந்தார். பெரியவர் என்பதும் கருவிதான். வெளிச்சத்தைப் பிரித்துப் பிரித்து எண்ணும், பிசகவே பிசகாது. அப்பா அதைச் சோபாவில் உட்காரவைத்துவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தார். சோதனை ரொம்ப எளிது. ஒரே லேப்டாப் ஸ்கிரீனைப் பெரியவரும் பார்ப்பார், குட்டியும் பார்க்கும். குட்டி எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்ததும் அந்தத் திருத்தத்தைக் குட்டிக்குள் ஏற்ற வேண்டும். பிறகு மறுபடி இரண்டும் பார்க்கும். அப்போதும் மிச்சமிருக்கும் பிசகுதான் அந்த ரூமின் மார்க். மார்க் குறைந்தால் வெற்றி. ஒன்றுக்குள் வந்தால் பிரமாதம். என் பள்ளிக்கூட மார்க்கை இப்படி எண்ணியிருந்தால் நான்தான் முதல்.

எண்களைப் படிக்கும் நடுவர் நான். நடுவரை முன்கூட்டியே மாடிக்கு அழைத்துப்போய் அப்பா ரகசியம் சொன்னார்.

"ஸ்கிரீன் போட்ட உடனே நிறம் நிலையா நிக்காது. சூடாக அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அளந்தா பெரியவர் பார்க்கும்போது ஒரு நிறம், குட்டி பார்க்கும்போது ஒரு நிறம். அதனால சமையலறைல ஆரம்பிப்போம். அப்புறம் படுக்கையறை, அப்புறம் ஸ்டோர் ரூம். எல்லாம் ஊத்திக்கும். கடைசியா ஹால். ஸ்கிரீன் நல்லா சூடாகி கல்லு மாதிரி நிக்கும்."

"இது ஏமாத்து வேலைப்பா."

"இல்லம்மா, இது வரிசை."

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சத்தியம். சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருபது வருஷமாக அப்பா வீட்டில் ஸ்கிரீனைப் போடும்போதெல்லாம் "யாரும் தொடாதீங்க, சூடாகட்டும்" என்று கத்தியிருக்கிறார். யாரும் கேட்பதில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் தூக்கினார்.

"முதல்ல சமையலறை."

"ஐயோ, பால் கொதிக்குது. ஒரே ஆவி. மெஷினுக்கு ஈரம் ஆகாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றாள் அம்மா.

"சரி, படுக்கையறை."

"மெத்தை உதறியிருக்கேன். தூசி. தூசியும் ஆகாதே?"

"ஸ்டோர் ரூம்?"

"சாவி எங்க வச்சேன்னு தெரியலயே. தேடித் தரேன். நீங்க அதுவரைக்கும் ஹால்ல ஆரம்பிங்க. உங்களுக்காக ஜன்னல்ல கம்பளி எல்லாம் தொங்கவிட்டு இருட்டாக்கி வச்சிருக்கேன்."

அப்பாவின் முகம் குட்டி பார்த்த தக்காளி மாதிரிக் கறுத்தது. லேப்டாப்பை ஆன் பண்ணிவிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு டீ குடிச்சிட்டு நிதானமா..."

"இந்தாங்க டீ." டம்ளர் ஏற்கெனவே அம்மா கையில் இருந்தது. "குடிச்சுக்கிட்டே பண்ணுங்க."

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

"தாராளமா. நீங்க வர்ற வரைக்கும் லேப்டாப்பை நிறுத்தி வைக்கிறேன். பேட்டரி வீணாகுது பாருங்க."

அப்பா பாத்ரூம் வாசல்வரை போய்த் திரும்பினார். "இப்ப ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அது உண்மை என்று அவர் முகம் சொல்லவில்லை.

அளந்தோம். திருத்தம் ஏற்றினோம். மறுபடி அளந்தோம். நான் படித்தேன். "ஆறு."

"ஆறா? இன்னொரு தடவை படி!"

"இன்னொரு தடவை படிச்சாலும் ஆறுதான்ப்பா."

அதற்குள் சமையலறையில் ஆவி போயிருந்தது. அங்கே மூன்று. படுக்கையறையில் தூசியும் அடங்கிவிட்டது. இரண்டு. ஸ்டோர் ரூம் சாவி அம்மாவின் இடுப்பிலேயே இருந்தது, அவளே ஆச்சரியப்பட்டாள். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அந்த ரூமில் ஜன்னல் கிடையாது. துடைப்பம், பழைய சூட்கேஸ், குனிந்த அப்பா. ஸ்கிரீன் அரை மணி நேரத்துக்கு மேல் சூடாகிக் கல் மாதிரி நின்றது.

"அரை" என்றேன். "அரைதான்ப்பா. பெரியவரும் குட்டியும் ஒரே வாய்."

"செல்லாது!" அப்பா துள்ளினார். மாடிப்படி தலையில் இடித்தது. "ஹால்ல அளக்கும்போது ஸ்கிரீன் சூடாகவே இல்ல!"

அம்மா துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அப்படியா? சூடாகலைன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியாம என்ன? என் தொழில் அது!"

"அப்ப சமையலறைல ஆரம்பிக்கலாம்னு சொன்னீங்களே, அப்ப சூடாகியிருந்துதா?"

அப்பா நடுவரைப் பார்த்தார். நடுவர் சூட்கேஸைப் பார்த்தார்.

அன்று மதியமே ஹாலில் கண்ணாடி மாட்டினோம். பல் டாக்டரம்மா வந்தார், ஜன்னல் வெளிச்சத்தில் சாயம் போட்டோம், வீட்டிலிருந்த நிறத்திலேயே தெருவிலும் போனார். அடுத்த நாள் தங்கைகளும் வந்தார்கள். ஸ்டோர் ரூமில் அப்பா குட்டியைத் திருத்தினார். கொடுமை என்னவென்றால், உண்மையாகவே அது அருமையாக வேலை செய்தது. ஆபீஸ் சூப்பர்வைசர் போன் பண்ணி, "உங்க ரீடிங் இவ்வளவு சுத்தமா வந்ததே இல்ல சார், எந்த ரூம்ல வச்சு பண்றீங்களோ அதை மட்டும் மாத்திடாதீங்க" என்றாராம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா தலையாட்டினாள்.

இறுதிப் போட்டி நாள் வந்தது. டிவி இன்னும் ஹாலில்தான். அப்பா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு ஓரமா உட்காரலாமா?"

"கஸ்டமருக்குத்தாங்க நாற்காலி."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். உள்ளே டிவியில் கூட்டம் ஆர்ப்பரிக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குக் காதோரம் நரைச்சிருக்குல்ல? சாயம் போட்டுவிடு. நல்ல கருப்பு. மெதுவா போடு, ரெண்டு பாதியும் முடியட்டும்."

அம்மா "சரிங்க" என்றாள்.

இந்தத் தடவையாவது ஓடியிருக்கலாம். துண்டைப் போர்த்திக்கொண்டு ஆட்டத்தில் மூழ்கிவிட்டார். அம்மா அலமாரியிலிருந்து ஒரு ட்யூபை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை பிதுக்கினாள். பல் டாக்டரம்மா கேரட் ஆனாரே, அந்தச் சாயத்தில் மிச்சமிருந்தது. வீணாக்கப் பிடிக்காதாம்.

ஆட்டம் முடிந்ததும் அப்பா கண்ணாடியைப் பார்த்தார்.

"என்னடி இது! செங்கல் சூளை மாதிரி இருக்கு! இதுவா கருப்பு? நாளைக்கு நான் ஆபீஸ் போகணும்!"

"எனக்குக் கருப்பாத்தான் தெரியுதுங்க. ஆனா என் கண்ணை நம்பக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே." அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "போ, குட்டியைக் கொண்டு வா."

கொண்டுவந்தேன். அப்பாவின் தலை உச்சியில் வைத்தேன்.

"என்னம்மா சொல்லுது?" என்றாள் அம்மா.

நடுவர் பொய் சொல்லக் கூடாது. உள்ளதை உள்ளபடி படித்தேன்.

"கருப்பு."